வராத ஆளின் பங்கு

அக்டோபர் 12, செவ்வாய்

இன்று அலுவலகப் பனிச்சறுக்கு கிளப்பில் சேர்ந்தேன். நாற்பத்து மூன்று வயதில்! பனியில் சும்மா நடந்தாலே விழுகிறவன் நான்.

கிளப்பை நடத்துவது பொது நிர்வாகப் பிரிவின் ஓகிஷிமா சான். ஐம்பதைத் தொட்ட பெண்மணி, பேச்சில் யாரும் அவரிடம் தப்ப முடியாது. என் பெயரை எழுதிக்கொண்டே மேலும் கீழும் பார்த்தார்.

"குசாகா சான், ஆகஸ்ட் மாசத்துலயே ஏசிய நிறுத்தச் சொல்லி சண்டை போடற ஆளு நீங்க. உங்களுக்கு எதுக்கு இது?"

"உடம்பை அசைக்கணும்னு டாக்டர் சொன்னார்" என்றேன்.

டாக்டராவது ஒன்றாவது. இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். கிளப்பின் பேருந்து நகோயாவிலிருந்து ஹகுபா பனிமலைக்குப் போகும் வழியில் மத்சுமோத்தோவைக் கடக்கிறது. மத்சுமோத்தோவில் என் மகள் சிஹாரு இருக்கிறாள், அவள் அம்மாவோடு. பிப்ரவரிப் பயணத்துக்குக் குடும்பத்தாரையும் அழைத்து வரலாம் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு யோசனை ஓடவில்லை.

மாதம் ஐயாயிரம் யென் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்களாம். பிடிக்கட்டும்.

அக்டோபர் 15, வெள்ளி

நான் கணக்குப் பிரிவு என்பதால் பயணச் செலவுத் திட்டம் முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பேருந்து, விடுதி, லிஃப்ட் சீட்டு, வாடகைக் காலணி, பேருந்தில் குடிக்கும் பீர் வரை. வடிவமைப்புப் பிரிவின் தோபே, இருபத்தாறு வயதுப் பையன், முதுகில் தட்டி, "பீர்ல மட்டும் கை வைக்காதீங்க, மத்தது உங்க இஷ்டம்" என்றான்.

நவம்பர் 7, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. என் தொலைபேசி நாள். வழக்கம்போல சிஹாருவின் அம்மா ஃபுமிகோ எடுத்தாள், வழக்கம்போல வானிலையைப் பேசினோம். பிறகு பிப்ரவரிப் பயணத்தைச் சொன்னேன். "அவகிட்டயே கேளுங்க" என்றாள்.

சிஹாரு வந்தாள். "எத்தனை நாள்பா?"

"ரெண்டு ராத்திரி, மூணு நாள்."

"ம்... சரி. வரேன்."

பிரிந்து மூன்று வருடமாகிறது. வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை, மத்சுமோத்தோ ரயில் நிலைய உணவகத்தில் இரண்டு மணி நேரம். அவள் ஆம்லெட் சோறு சாப்பிடுவாள். நான் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பேன். சுவர்க் கடிகாரத்தை அவள் பார்க்கிறாளா என்று நான் பார்ப்பேன். இதுதான் அப்பனும் மகளும்.

மூன்று நாள்! ஒரே அறையில் படுக்கை விரித்துப் படுப்போம். சறுக்கக் கற்றுக்கொடுப்பேன். முதலில் நான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவள் கால் அளவைக் கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. பெற்ற மகளின் கால் அளவு தெரியாதா என்று ஃபுமிகோ நினைப்பாள். வசந்தத்தில் சிவப்புக் கான்வாஸ் ஷூ போட்டிருந்தாள், சின்னதாகத்தான் இருந்தது. இருபத்தொன்றரை சென்டிமீட்டர் என்று எழுதினேன்.

நவம்பர் 19, வெள்ளி

ஒரு சிக்கல். பேருந்து எப்போதும் இரவு பதினொன்றுக்குக் கிளம்பும். அப்படியென்றால் மத்சுமோத்தோவைத் தாண்டும்போது நடுநிசி இரண்டு மணி. அந்த நேரத்தில் நெடுஞ்சாலை ஓய்விடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடு என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

நாள் முழுக்க விலைப் பட்டியல்களை உருட்டினேன். கடைசியில் கிடைத்தது. பேருந்து சீக்கிரம் போய்ச் சேர்வதால், விடியும் வரை தூங்க விடுதிக்காரர் தனியாகக் காசு வாங்குகிறார். தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு. இரண்டு மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்கு நேராகப் பனியிலேயே போய் இறங்கலாம். தூங்கும் காசு மிச்சம். மத்சுமோத்தோ ஓய்விடத்தில் பேருந்து நிற்கும் நேரம், காலை ஐந்து.

நவம்பர் 24, புதன்

திட்டத்தைக் கூட்டத்தில் வைத்தேன். ஆயிரத்து ஐந்நூறு மிச்சம் என்றதும் கைதட்டல். தோபே, "அந்தக் காசையும் பீர்ல சேத்துடுங்க" என்றான். ஓகிஷிமா சான் மட்டும் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "அஞ்சு மணிக்கு மத்சுமோத்தோ, இருபது நிமிஷம். ம்" என்றார்.

டிசம்பர் 5, ஞாயிறு

சிஹாரு வீட்டில் இல்லை. தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். வானிலையை மட்டும் பேசிவிட்டு வைத்தேன்.

ஜனவரி 16, ஞாயிறு

கிஃபுவில் ஒரு நாள் பயிற்சி. தோபேதான் குரு. "முழங்காலை மடக்குங்க, மடக்குங்க, ஐயோ மடக்கச் சொன்னா உக்காந்துட்டீங்களே!" என்று மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் மாலையில் விழாமல் ஒரு சின்னச் சரிவை இறங்கிவிட்டேன். பக்கத்தில் ஒரு அப்பன் தன் பெண்ணைக் கால்களுக்கிடையே நிறுத்திப் பிடித்தபடி இறங்கினான். அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 4, வெள்ளி

அறைகளைப் பிரித்தோம். ஆண்களுக்கு ஒரு பெரிய அறை, பெண்களுக்கு ஒரு பெரிய அறை. வருடா வருடம் அப்படித்தானாம்.

"என் பொண்ணு...?"

"எங்ககூடத்தான் படுப்பா. பின்ன, தோபேயோட குறட்டைக்கு நடுவுலயா படுக்க வைக்கப் போறீங்க?" என்றார் ஓகிஷிமா சான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்கு மாதமாகக் கணக்கெழுதியவன் நான்தான், இது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை? மனதுக்குள் அத்தனை இரவும் இரண்டு படுக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தேன்.

பிப்ரவரி 11, வெள்ளி, விடுதியில்

முதலில் என் முட்டாள்தனம். பேருந்து இரண்டு மணிக்கு. கடைசி ரயில் பன்னிரண்டுக்கு முன்பே முடிந்துவிடுமே! அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை நான். பத்தொன்பது பேரும் கடைசி ரயிலில் வந்து, பனி உடுப்போடு, அலுவலகக் கேன்டீனில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பேருந்துக்கு வாங்கிய பீர் அங்கேயே காலி. "தூங்கற காசு மிச்சம்னீங்க, தூக்கமே மிச்சமாயிடுச்சே" என்றான் தோபே. தலை குனிந்து ஒவ்வொரு மேசையாக மன்னிப்புக் கேட்டேன்.

ஐந்து மணிக்கு ஓய்விடம். இன்னும் இருட்டு. ஒரு கார் ஓரமாக நின்றது, ஃபுமிகோ கையசைத்தாள். சிஹாரு இறங்கினாள். என் தோள் உயரம் வந்துவிட்டாள்! இலையுதிர் காலத்தில் உட்கார்ந்தேதான் பேசினோம், அதில் தெரியவில்லை போலிருக்கிறது.

ஓட்டுநர் பக்கமிருந்து ஒரு மனிதர் இறங்கிக் குனிந்து வணங்கினார். "உசுயி என்று பெயர்" என்றார். பிறகு கார் கூரையிலிருந்து ஒரு ஜோடி சறுக்குப் பலகைகளை அவிழ்த்தார். நல்ல பலகைகள். சிஹாருவினுடையவை. காலணியும் அவளுடையதே.

"நீ... சறுக்குவியா?"

"எங்க பள்ளிக்கூடத்துல எல்லாரும் சறுக்குவாங்கப்பா. ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து. நானும் இங்க வந்ததுமே கத்துக்கிட்டேன்."

மலைப் பக்கத்துப் பிள்ளைக்குச் சறுக்கச் சொல்லித்தர நகோயாக்காரன் கிளம்பினேன். வாடகைக் கடையில் அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த இருபத்தொன்றரைக் காலணியைப் பார்த்து, "இது யாருக்கு?" என்றாள். அவள் கால் இருபத்து நான்கு. யாருக்கும் இல்லை, கடைக்காரர் தவறு என்று சொல்லிவிட்டேன்.

பகல் முழுவதும் அவள் முதுகைத்தான் பார்த்தேன். நீல உடுப்பு, சல்லென்று இறங்கி மரங்களுக்கிடையே மறைந்துவிடும். நான் வந்து சேர்வதற்குள் அவள் மறுபடி மேலே போயிருப்பாள். எவ்வளவு அழகாக இறங்குகிறாள்! யாரோ அதைப் பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கிறார்கள். அது நானில்லை.

இப்போது பெண்கள் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது. அதில் அவள் குரல் எதுவென்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பிப்ரவரி 12, சனி

காலையில் அவளே வந்து, "அப்பா, என்கூட வாங்க" என்றாள். இருவர் உட்காரும் லிஃப்ட் நாற்காலி. ஏறும்போதே தடுமாறினேன், கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கீழே வெறும் பனி. சத்தமே இல்லை.

"எல்லாரையும் ராத்திரி கேன்டீன்ல உக்கார வெச்சீங்களாமே?"

"யார் சொன்னது?"

"ரூம்ல அக்காங்க எல்லாரும். ஓகிஷிமா அக்காதான் ஆரம்பிச்சாங்க. அவங்கள அக்கான்னுதான் கூப்பிடணுமாம்." என் பக்கம் திரும்பி, "எனக்காகவா?" என்றாள்.

"அது... விடுதியில தூங்கறதுக்குத் தனியா காசு கேக்கறாங்க. தலைக்கு ஆயிரத்து ஐந்நூறு, அதை மிச்சம் பிடிக்கலாம்னு..."

"அப்பா."

"ஆமா. உனக்காகத்தான். இந்தக் கிளப்பே உனக்காகத்தான். எனக்குக் குளிர் ஆகாது."

சிஹாரு பலகைகளை ஒன்றோடொன்று தட்டிப் பனியை உதறினாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அம்மா மார்ச்ல கல்யாணம் பண்ணிக்கறாங்க. உசுயி சானுக்கு சப்போரோவுக்கு மாத்தல். ஏப்ரல்லேர்ந்து எனக்கும் அங்கதான் ஸ்கூல். அம்மா போன்ல சொல்றேன்னாங்க. நான்தான் வேணாம், நேர்ல நான் சொல்றேன்னேன்."

"நல்ல மனுஷனா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"நல்லவர்தான்." பிறகு, "கோவப்படவே மாட்டேங்கறாரு. அதான் கொஞ்சம் கஷ்டம்" என்றாள்.

உச்சி வந்ததை நான் கவனிக்கவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், பிறகு குதித்து, குப்புற விழுந்தேன். லிஃப்டையே நிறுத்திவிட்டார்கள். பின்னால் வந்த நாற்காலிகளெல்லாம் காற்றில் தொங்க, என் மகள் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். கண்ணில் பனி போய்விட்டது என்றேன். நல்லவேளை, பனி நிறையவே இருந்தது.

பிப்ரவரி 13, ஞாயிறு

ஓய்விடத்தில் இறக்கிவிட்டேன். பெண்கள் ஜன்னலில் எட்டிக் கையாட்டினார்கள். அவளும் பேருந்து மறையும் வரை ஆட்டிக்கொண்டே நின்றாள். எனக்கா, அவர்களுக்கா?

பிப்ரவரி 15, செவ்வாய்

கேன்டீன் விவகாரத்துக்காக ஒவ்வொரு பிரிவுக்கும் இனிப்புப் பெட்டி கொடுத்து மறுபடி மன்னிப்புக் கேட்டேன். ஓகிஷிமா சான் தன் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். "இத நீங்களே தின்னுங்க. மூஞ்சியப் பாருங்க, ரெண்டு நாளா சாப்பிடல போல."

மார்ச் 27, ஞாயிறு

இன்று அவர்கள் சப்போரோ போயிருப்பார்கள்.

ஏப்ரல் 15, வெள்ளி

கிளப்பின் வருடாந்தரக் கூட்டம். அடுத்த பயணத்தை, சப்போரோ இருக்கிற ஹொக்கைதோவில் வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம் கொடுத்தேன். விமானம், விடுதி எல்லாம் சேர்த்துத் தலைக்குத் தொண்ணூறாயிரம். ஹகுபாவுக்கு ஆவதைப்போல மூன்று மடங்கு. மூன்று வாரம் உட்கார்ந்து எங்கெங்கோ வெட்டிப் பார்த்தேன், அதற்குக் கீழே இறங்கவில்லை.

"குசாகா சான், நாங்க என்ன பேங்க் வெச்சிருக்கோமா?" என்றான் தோபே. எல்லோரும் சிரித்தார்கள். ஆதரித்துக் கை தூக்கியது நானும் ஓகிஷிமா சானும். ஹகுபாவே முடிவாயிற்று.

அவர்கள் மேல் என்ன தப்பு? என் ஏக்கத்துக்குப் பத்தொன்பது பேர் ஏன் காசு கொடுக்க வேண்டும்.

ஜூன் 5, ஞாயிறு

புது எண்ணுக்குப் போட்டேன். "உசுயி வீடு" என்று அவர் குரல். மரியாதையான குரல். வைத்துவிட்டேன். சே, நான் என்ன திருடனா?

ஆகஸ்ட் 7, ஞாயிறு

போடவில்லை. போன மாதமும் போடவில்லை. அவளிடமிருந்தும் ஒன்றும் இல்லை. புது ஊர், புதுப் பள்ளி, அவளுக்கு நேரம் இருக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும். உணவகத்து ஆம்லெட் சோற்றுக்குக்கூட ஏங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாளிதழை விளம்பரம் வரைக்கும் படித்தேன்.

அக்டோபர் 14, வெள்ளி

கிளப்பிலிருந்து விலகிவிடலாமா என்று ஓகிஷிமா சானிடம் கேட்டேன். "விலகிட்டு? வீட்ல உக்காந்து கூரையப் பாக்கப் போறீங்களா? பேசாம பஸ் கம்பெனிக்கு போன் போடுங்க" என்றார். போட்டேன்.

நவம்பர் 20, ஞாயிறு

பகல் மூன்று மணிக்குத் தொலைபேசி மணியடித்தது. விற்பனைக்காரன் என்று நினைத்து எரிச்சலோடு எடுத்தேன்.

"அப்பா, ஒரு கணக்குக் கேக்கணும்."

நலமா என்றுகூடக் கேட்கவில்லை அவள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பள்ளிப் பனிச்சறுக்கு கிளப்பில் சேர்ந்திருக்கிறாளாம். குளிர்கால முகாமுக்குக் கணக்கு யார் பார்ப்பது என்று ஆசிரியர் கேட்டாராம். "யாரும் கை தூக்கல. நான் தூக்கினேன்." முப்பது பேருக்கென்று பேருந்து பேசி முடித்த பிறகு ஒரு பெண் முட்டியில் அடிபட்டு வரமுடியாமல் போய்விட்டது.

"அவ பங்க யார் தலையில போடறதுப்பா?"

"சாப்பாட்டுக் காச அவளுக்குத் திருப்பிக் கொடு, அது செலவாகாது. பஸ் காசுதான் சிக்கல். ஒருத்தர் இல்லேன்னு பஸ் வாடகை குறையாது. அத வர்றவங்க எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமாத் தாங்கிக்கணும்."

"எல்லாரும் முணுமுணுப்பாங்களே."

"முணுமுணுப்பாங்க. ஆனா முழுசையும் வராதவ தலையில கட்டினா, அடுத்த வருஷம் அவ வரவே மாட்டா."

மறுமுனையில் பென்சில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப பட்டியல்ல அவ பேர அடிக்கக் கூடாது?"

"கூடாது."

"சரி" என்றாள். பிறகு மறுபடி, "சரிப்பா."

உசுயி சானிடம் கேட்டிருக்கலாமே, பக்கத்திலேயே இருக்கிறாரே என்றேன். கேட்டிருக்க வேண்டாம்தான், வாயில் வந்துவிட்டது.

"அவர்கிட்ட வேற கேப்பேன்" என்றாள். "ஏன் போனே பண்றதில்ல நீங்க?"

இனிமேல் பண்ணுகிறேன் என்றேன். "வேணாம், நானே பண்றேன்" என்றாள். அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு. இருபத்தொன்பதால் வகுத்தால் பன்னிரண்டு யென் மிஞ்சுகிறதாம், கணக்கு உதைக்கிறதாம்.

உதைக்கட்டும். ஒரே வாரத்தில் தீர்கிற கணக்கா இது?