சோப்பின் மேல் போட்ட பழி

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். முதல் வரியில் நலமா என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீயே தீர்ப்புச் சொல்லிவிட்டாய், ஏழு மாசம் ஆச்சு, எல்லாம் நல்லா இருக்கும்மா, உள்ளங்கை மட்டும் கொஞ்சம் அரிக்குது, பாத்திரம் கழுவுற சோப்பு ஒத்துக்கலை, கையுறை வாங்கிட்டோம் என்று. ஏழு மாதம். உள்ளங்கை அரிப்பு. கையுறை. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சிரித்தாய். அக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது என்று நான் வாயைத் திறந்ததும், அவளுக்கு வந்தா எனக்கும் வரணுமா, பயமுறுத்தாதேம்மா என்று போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஆகட்டும். எழுதிய தாளைப் பாதியில் பேசாதே என்று அடக்க முடியாது. அக்கா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். அம்மா கூப்பிட்டால் எடுக்க மாட்டாய், படம் வந்தால் பார்க்காமல் இருக்க உன்னால் முடியாது. உட்கார்ந்து படி.

இங்கே எல்லோரும் சுகம். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, குரலுக்கு ஒன்றும் இல்லை. சலவைக்கடை ஓடுகிறது. அக்காவும் குழந்தையும் மாடியில் தூங்குகிறார்கள். அக்காவுக்கு நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். குறை மாதம், பயமில்லை, பெண் குழந்தை, அவ்வளவுதான் சொன்னோம். சின்னவளும் உண்டாகியிருக்கா, மனசு கலங்கிடும், ஒண்ணும் சொல்லாதீங்க என்று உன் அப்பா உத்தரவு. இந்த வீட்டு உத்தரவுகளின் லட்சணம் உனக்குத் தெரியாததா.

எட்டாம் மாதத் தொடக்கத்தில் அவளுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன. தடிப்பு இல்லை. சிவப்பு இல்லை. கண்ணுக்கு எதுவுமே இல்லை. மேல இல்லம்மா, தோலுக்கு உள்ள அரிக்குது என்றாள். படுத்தால் கூடும். வேறு வீடாக இருந்தால் டாக்டரிடம் போயிருப்பார்கள். இது சலவைக்கடைக்காரர் வீடு. இங்கே அரிப்புக்கு ஒரே அர்த்தம்தான், துணி சரியாக அலசப்படவில்லை. உன் அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. மகளுக்கு என்னவோ என்று அல்ல. நம்ம கடைத் துணியா என்று. உன் சித்தப்பா, அதுதான் நம் விஞ்ஞானி, பள்ளியில் வேதியியலில் கோட்டைவிட்டவர், கறை எடுக்கும் மேசைக்குப் பின்னால் நின்றால் மட்டும் பேராசிரியர். அக்காவின் தலையணை உறையை மூக்கில் வைத்து இழுத்தார். கண்ணை மூடினார். சோப்புக் காரம் நிக்குது அண்ணி என்றார். வினிகரில் அலசினார்கள். அரிப்பு நின்றபாடில்லை. பவுடரை மாற்றினார்கள். கைக்குழந்தைக்குப் போடும் சோப்பு வந்தது. அவள் துணிக்கென்று ஒரு மெஷினையே ஒதுக்கினார்கள், மகாராணி மெஷின் என்று இஸ்திரிக்காரர் கேலி பேசினார். பெரிய மாப்பிள்ளை ஒருபடி மேலே. மெத்தைல பூச்சி அத்தை என்றார். வரைபடம் போடுகிறவர் அல்லவா, மெத்தையை அளவெடுத்தார், தெருவில் எறிந்தார், அதே அளவில் இன்னொன்று வாங்கினார். அரிப்பும் அதே அளவில் இருந்தது. நான் மட்டும் என்ன மேதை. விரிப்பைத் திரும்பத் திரும்பக் கொதிநீரில் போட்டவள் நான்தான்.

அவள் கீழே இறங்கி வந்து சலவை அறையின் ஈரத் தரையில் பாதங்களை அழுத்தி உட்கார்ந்திருப்பாள். குளிர்ச்சி கொஞ்சம் இதமாக இருந்ததாம். நாங்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு அவளைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தோம். சிறுநீர் பால் விடாத டீ மாதிரி போகுதும்மா என்றாள் ஒருநாள். தண்ணி குடி என்றேன். இவ்வளவுதான் என் வைத்தியம்.

கண்டுபிடித்தது அவளுடைய டாக்டர். மாதாமாதம் பார்க்கும் பரிசோதனைதான், நானும் கூடப் போயிருந்தேன். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு கால் செருப்பின் விளிம்பில் மற்றப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், தனக்கே தெரியாமல். டாக்டர் குனிந்து பார்த்தார். கணுக்காலெல்லாம் நகக்கீறல். எப்ப இருந்தும்மா இது, ஏன் என்கிட்ட சொல்லலை என்று கேட்டார். அக்கா சொன்ன பதிலைக் கேள். அது சோப்பு விஷயம் டாக்டர், எங்களுக்குச் சலவைக்கடை, வீட்ல பாத்துக்கிறாங்க. டாக்டர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை விஞ்ஞானியின் எந்தத் திரவத்தாலும் எடுக்க முடியாது.

அப்புறம் விளக்கினார். சில பேருக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கல்லீரலிலிருந்து பித்தநீர் சரியாக வடியாதாம். தேங்கி ரத்தத்தில் கலக்குமாம். அதனால்தான் அரிப்பு. தாய்க்கு அது வேதனை, பிரசவம் ஆனதும் போய்விடும். வயிற்றில் இருப்பதற்கு அப்படி இல்லை. அளவு மிகவும் ஏறினால் முன்கூட்டி எதுவும் காட்டாமல் துடிப்பு நின்றுவிடக்கூடும் என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். நாங்கள் உறை முகர்ந்துகொண்டிருந்த நாட்கள். மெத்தை அளந்த நாட்கள். அந்த நாட்களிலெல்லாம் உள்ளே ஓர் உயிர் இருந்தது.

ரத்தப் பரிசோதனையில் பித்த அமிலம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள், அடிக்கடி குழந்தையின் துடிப்பைப் பார்த்தார்கள். பிரசவத் தேதி வரைக்கும் விட மாட்டோம், முன்னாடியே எடுத்துடுவோம் என்றார்கள். அதற்கும் வீட்டில் ஆட்சேபம். விஞ்ஞானிக்கு மாத்திரையில் நம்பிக்கை இல்லை. உன் அப்பாவோ, அப்ப துணியில ஒண்ணுமில்லையே என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார், காது குளிரக் கேட்டேன். ஒரு மத்தியானம் அக்காவுக்கு அசைவு குறைந்த மாதிரி இருந்தது. தூங்குது போல என்றார் பெரிய மாப்பிள்ளை. அவள் எழுந்தாள். பையை எடுத்தாள், படியிறங்கினாள், கடை வாசலில் அவளே ஒரு வண்டியை நிறுத்தினாள். யாரையும் கேட்கவில்லை. நான் ஈரக் கையோடு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். இந்தக் குடும்பத்தில் நடந்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது. மறுநாள் காலையில் குழந்தையை எடுத்தார்கள். கையளவு. அழுதாள். சில நாட்களில் அரிப்பு போன இடம் தெரியவில்லை.

மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது டாக்டர் கேட்டார், கூடப்பிறந்தவங்க உண்டா என்று. தங்கச்சி இருக்கா, அவளும் உண்டாகியிருக்கா என்றேன். அக்காவுக்கு வந்தால் தங்கைக்கும் வர வாய்ப்பு அதிகம், சொல்லி வைங்க என்றார். சொல்லி வைக்கவில்லை. உத்தரவு அல்லவா. ஞாயிற்றுக்கிழமை உன் சிரிப்பைக் கேட்கும்வரை நானும் அந்த உத்தரவுக்குக் கட்டுப்பட்டு இருந்தேன்.

இனி உன் விஷயம். நல்ல தரமான கையுறையாம், உன் வீட்டுக்காரர் அதை வாங்கியவர்கள் நாலு பேர் எழுதியதைப் படித்துப் பார்த்து வாங்கினாராம். சலவைக்கடையில் பிறக்காதவருக்கும் அதே மூளை. உள்ளங்கால் அரிக்கிறதா என்று ஒரு முறை பார். அரித்தால், பாதத்தால் யாராவது பாத்திரம் கழுவுவார்களா என்று அவரிடம் கேள். உள்ளங்கையோடு நின்றாலும் போ. இன்றைக்கே போ. பித்த அமிலமும் கல்லீரலும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேள். உன் ஊர் டாக்டர்கள் குளிருக்குத் தோல் வறண்டிருக்கு, எண்ணெய் தடவுங்க என்பார்கள், தலையாட்டிவிட்டு வந்துவிடாதே. அக்காவுக்கு இருந்தது என்று சொல். அந்த ஒரு வார்த்தைக்கு அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பரிசோதனை சரியாக வந்து அரிப்பு மட்டும் தொடர்ந்தால் மறுபடியும் எடுக்கச் சொல், அரிப்பு முந்திக்கொண்டு வருமாம், ரத்தம் பிறகுதான் காட்டுமாம். சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ மறைக்காதே. பிள்ளை அசைவது குறைந்தால், எப்போதும் அசைவதுபோல் இல்லாவிட்டாலும்தான், எந்த மேதாவியிடமும் அபிப்பிராயம் கேட்காதே, விடியட்டும் என்றும் பார்க்காதே. வண்டியில் ஏறு.

ஒன்றுமில்லை என்றும் வரலாம். சோப்புதான் என்றும் ஆகலாம். அப்படியானால் உடனே என்னைக் கூப்பிடு. கூப்பிட்டுக் கேலி செய். கிறுக்குப் பிடித்த அம்மா, அரிப்பைக் கேட்டு நாலு பக்கம் எழுதினவ என்று சொல். உன் வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சிரி. அவர் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். உன் அப்பாவும் விஞ்ஞானியும் கேட்கும்படி போனைக் கடையின் நடுவில் வைக்கிறேன், எல்லோருமாகச் சேர்ந்து சிரியுங்கள். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டேன். இவ்வளவு ஆசையோடு நான் எதற்கும் காத்திருந்ததில்லை.

நீயும் உன்னுள் இருப்பதும் குறையின்றி இருக்க வேண்டும். வேறு ஆசீர்வாதம் எனக்குத் தெரியவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டுப் பேசு. கொடுப்பதற்கு முன்னால் பேசாதே.

உன் அம்மா