போன் அடித்துவிட்டு வருகிறவர்கள்

14 ஒக்ரோபர் 2006, சனி

காலையிலிருந்து மழை. வாங்க வேண்டியவை: தேங்காய்ப்பால், மிளகாய்த்தூள், கறிவேப்பிலை (இருந்தால்).

தமிழ்க் கடையில் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "பெட்டை தனியப் போயிட்டாளாம். வீட்டிலை சண்டையோ?" திரும்பிப் பார்க்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பத்தொன்பது வயதானால் இங்கே நோர்வேயில் எல்லாப் பிள்ளைகளும் தனியாகப் போவார்கள் என்கிறாள் மகள் ஆரணி. எங்கள் வெஸ்ட்லி வீட்டிலிருந்து படிக்கப் போவது தூரம் என்பதெல்லாம் சும்மா சொல்லும் சாட்டு.

மத்தியானம் மீன்குழம்போடு அவளிடம் போனேன். கதவைத் திறந்தவள், "அம்மா! வர முந்தி ஒருக்கா போன் அடிச்சிருக்கலாமே." அவளோடு இருக்கும் நோர்வேப் பெட்டை ஈரத்தலையில் சுற்றிய துவாயோடு ஓடி ஒளிந்தாள். நான் சட்டியும் கையுமாகக் கால்மிதியில்.

என் பிள்ளையைப் பார்க்க நான் ஏன் போன் அடிக்க வேண்டும்? டொக்டரிடமா போகிறேன்? குழம்பை மட்டும் கொடுத்தேன்.

18, புதன்

மாடிக் கட்டடத்தின் பொதுச் சலவை அறை இன்று எங்கள் முறை. மறந்தே போனேன். முதியோர் இல்லச் சமையலறை வேலை முடிந்து வந்து, புட்டு அவித்துக்கொண்டு ஆரணியிடம். இம்முறை போன் அடித்தேன்.

"எங்கை அம்மா நிக்கிறியள்?"

"கீழை, கதவடியிலை."

சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. முதல்நாளே சொல்ல வேண்டுமாம். புட்டைச் சூட்டோடு தின்றாள். நல்ல பசி போல.

29, ஞாயிறு

குளிர். இவர் காருக்குப் பனிக்கால டயர் மாற்றினார், முதுகு நோ.

ஆரணி வந்தாள். நேற்றே போன் அடித்துச் சொல்லிவிட்டு. வந்து மணி அடித்தாள்! கையில் பூங்கொத்து. எங்கள் வீட்டுச் சாவி அவளுடைய பையில்தான் தொங்குகிறது.

"ஏன் மணி?"

"இப்ப நான் இஞ்சை இருக்கேல்லைத்தானே அம்மா. சும்மா திறந்துகொண்டு வாறது மரியாதையில்லை."

பெற்ற பிள்ளை விருந்தாளியா? கோபத்தில் சொல்லிவிட்டேன்: "இன்னொருக்கா மணி அடிச்சியெண்டால் திறக்கமாட்டன்." இவர் டீவியின் சத்தத்தைக் கூட்டினார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். போகும்போது கட்டிப்பிடித்தாள். பூவை ஊறுகாய்ப் போத்தலில் வைத்தேன்.

3 நவம்பர், வெள்ளி

முதல் பனி. பூ இன்னும் வாடவில்லை. இவருக்கு இரவு வேலை.

பின்னேரம் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருக்க, வாசலில் சாவி திரும்பும் சத்தம். கழற்றி எறிந்த சப்பாத்து ஒன்று இங்கே, மற்றது அங்கே. நேரே அடுப்படிக்கு வந்து நின்றாள் ஆரணி.

"அம்மா, பசிக்குது."

"ஏன் போன் அடிக்கேல்லை?" சும்மாதான் கேட்டேன்.

பொரியலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "எங்கடை வீட்டுக்கு வாறதுக்கு ஆர் போன் அடிக்கிறது?"

அரிசி இன்னும் ஒரு சுண்டு போட்டேன்.

ஞாயிறு அவளிடம் போகலாம். நாளைக்கே போன் அடிக்க வேண்டும்.