மேலே யாருமில்லை

டிசம்பர் 14, செவ்வாய். மழை விடவில்லை.

இல்லை, மழைக்குப் பயந்து அல்ல. மனிதர்களுக்குப் பயந்துதான் ஏணிக் கதவைப் பூட்டினேன்.

விடியும்போதே ஆற்றுத் தண்ணீர் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குள் வந்துவிட்டது. முதலில் கீழ் லயம், பிறகு மேல் லயம், பிறகு கோயில். மேட்டில் இருக்கும் கல் கட்டடம் ஒன்றுதான்: ரப்பர் தகடுகளை, சீட்டுகள் என்போம், புகை போட்டு உலர்த்தும் புகைவீடு. ஜப்பான் சண்டை வந்ததிலிருந்து அங்கே நெருப்பு இல்லை. எல்லோரும் அங்கே ஏறினார்கள். கோழி, பானை, கிழங்கு மூட்டை, மாரியம்மன். எங்கள் வீட்டிலிருந்து அப்பா, நான், ஒரு சிலுவை.

அப்பா எஸ்டேட் கிராணி, கணக்கெழுதுபவர். இத்தனை வருடம் ரப்பர் பால் கணக்கு எழுதினார். இந்த வருடம் எழுதியது வேறு: சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு யார் யார் போக வேண்டும் என்று. எழுதச் சொன்னவன் ஜப்பான்காரன். எழுதிய கை அப்பாவுடையது. போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

தம்பி அ. (முழுப் பெயரை இங்கேகூட எழுத மாட்டேன்) சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை செய்வதாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறோம்.

உண்மையில் அ. புகைவீட்டில் ஒளிந்திருக்கிறான். நான் பூட்டிய ஏணிக் கதவு வழியாக ஏறினால், சீட்டு தொங்கவிடும் கழிகளுக்கும் மேலே, கூரைக்கடியில், இரண்டு பலகை போட்டு. இப்போது அவனுக்குக் கீழே எஸ்டேட் முழுவதும்.

யார் மேலே பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் முனியம்மா இரண்டு முறை பார்த்தாள். கூலிகளை வேலை வாங்கும் தண்டல் கருப்பையா பார்க்கவே இல்லை. அது இன்னும் மோசம். கூலாய் டவுனுக்குப் போய் ஜப்பான்காரனிடம் ஆள் கணக்கு ஒப்பிப்பவன் அவன்.

டிசம்பர் 15, புதன். காற்று. குளிர்.

செத்த ஆடு ஒன்று வாசற்படியில் மோதிக்கொண்டே இருக்கிறது. யாரோ கழியால் தள்ளிவிட்டார்கள். சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது.

பாதிப் பேருக்குக் கோணிச் சாக்குதான் உடுப்பு. நனைந்த சாக்கு காய்வதில்லை. "நெருப்பு மூட்டிடலாம் லா" என்று ஆரம்பித்தது யார், தெரியாது. பெரிய நெருப்புக் குழி இருக்கிறது. பக்கத்திலேயே காய்ந்த ரப்பர் விறகு. வேறு என்ன வேண்டும்?

மூட்டினால் புகை அத்தனையும் மேலே போகும். அதற்காகவே கட்டிய வீடு.

என் பொய்கள், சொன்ன வரிசையில்: விறகு உளுத்துவிட்டது. புகையைக் கண்டால் வெள்ளைக்காரன் விமானம் குண்டு போடும். சுவர் பழசு, சூடு தாங்காது.

மூன்றாவதைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு. புகைவீட்டுச் சுவர் சூடு தாங்காதாம்.

முனியம்மா சிரிக்கவில்லை. இங்கே நெருப்புப் போட்டுக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் மாரி. சயாமுக்குப் போனவன். "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். மரியாதையா, குத்தலா? குரலில் எதுவும் இல்லை.

மத்தியானம், தொங்கவிட்ட சாக்குக்குப் பின்னால் பெண்கள்:

"ஏன்டி மூட்டக் கூடாதுங்குது கிராணி மகளு?"

"மேல அரிசி ஒளிச்சு வச்சிருக்காங்க. புகை பட்டா கெட்டுப் போயிரும் லா."

"அலமாக்! அரிசியா? அது என்ன கலர்ல இருக்கும்? மறந்தே போச்சு."

சிரிப்பு. எனக்கு நிம்மதி. அரிசி என்றே நினைக்கட்டும். அந்த நிம்மதி வந்த வேகம்தான் பிடிக்கவில்லை.

காலேஜில், படிப்பு பாதியில் நிற்பதற்கு முன், ஐயமே அறிவின் தொடக்கம் என்று கட்டுரை எழுதி நல்ல மார்க் வாங்கினேன். ஐயம் எங்கே முடியும் என்று யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 16, வியாழன். மழை.

விடிந்ததும் கருப்பையா சம்பான் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "கூலாய்ப் பக்கம் பாத்துட்டு வரேன்" என்றானாம். எதைப் பார்க்க?

முனியம்மாவின் மகள் வள்ளிக்குக் குளிர்க் காய்ச்சல். சின்னப் பெண். பல் அடித்துக்கொள்வது என் இடம்வரை கேட்டது.

முனியம்மா என் முன்னால் வந்து நின்றாள். "நான் மூட்டப் போறேன். குண்டு விழுந்தா விழட்டும்."

அவள் விறகை அடுக்கினாள். பிறகு ஏணிக் கதவில் கையால் ஓங்கி அடித்தாள். இது இங்கே வேலை வழக்கம். நெருப்பு வைக்குமுன் கதவில் அடித்து மூன்று தரம் குரல் கொடுக்க வேண்டும். சீட்டு தொங்கவிடப் போன ஆள் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது. மாரி நாள்தோறும் செய்தது.

"மேல ஆளு இருக்கா? எறங்கு! நெருப்பு வைக்கிறேன்!"

ஒரு தரம். இரண்டாம் தரம். கதவைப் பார்த்துக் கூவவில்லை. என்னைப் பார்த்து.

தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? வேறு யாருக்கு?

மூன்றாம் தரத்துக்கு அவள் மூச்சு இழுக்கும்போது பூட்டைத் திறந்தேன். வேறு வழி இருந்ததா என்று இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அ. இறங்கி வந்தான். தாடி. வெளிச்சம் தாங்காமல் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டான். பின்னாலிருந்து யாரோ ஒருத்தி:

"அடியே, அரிசி நடந்து வருதுடி."

சிலர் சிரித்தார்கள். சிலர் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

முனியம்மா நெருப்பு வைத்தாள். சாயங்காலம் வள்ளிக்கு வேர்த்தது. அ.வுக்கு யாரோ ஒரு துண்டு கிழங்கு கொடுத்தார்கள். ஏன் கொடுத்தார்கள்?

டிசம்பர் 17, வெள்ளி. மழை நின்றது. தண்ணீர் அப்படியே.

கருப்பையா திரும்பினான். தனியாக. கூலாய் ரோட்டில் பாலம் போய்விட்டதாம். தண்ணீர் கொஞ்சம் இறங்கும்வரை ஜப்பான்காரன் வர முடியாது.

நெருப்புக்கு முன் அ. உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். வியப்பே இல்லை.

"என்ன தம்பி, சிங்கப்பூர்லேருந்து நீந்தியே வந்துட்டீங்களா?"

அடுத்த தடவை சயாமுக்கு அப்பா எழுதிக் கொடுத்திருக்கும் பெயர் கருப்பையாவின் தம்பி வீரனுடையது. எல்லோருக்கும் தெரியும். இப்போது கிராணி வீட்டிலும் அனுப்பத் தகுந்த ஓர் ஆண்.

கருப்பையா குரலை உயர்த்தவில்லை.

"கிராணி ஐயா, வெள்ளம் எத்தன பேரக் கொண்டு போச்சு?"

"யாரும் போகலையேப்பா."

"ரெண்டு பேரு போயிட்டாங்க. எந் தம்பி. ஒங்க மகன். ஒங்களப் பாக்க சிங்கப்பூர்லேருந்து வந்தாரு, வீரன் சம்பான்ல ஏத்திக்கிட்டு வந்தான், கவுந்துருச்சு. பொணம் கெடைக்கல. செத்தவன சயாமுக்கு அனுப்ப முடியாது லா."

இருட்டுமுன் அ.வும் வீரனும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கம்பத்துக்கு, மலாய்க்காரர் கிராமத்துக்கு, போனார்கள். திட்டத்தில் குறை இல்லை. குறை இல்லாததுதான் உறுத்துகிறது. இரண்டு பேரும் ஒரே சம்பானில் போனார்கள் என்பது மட்டும் எனக்குப் பிடிமானம். அ.வைக் காட்டிக்கொடுத்தால் வீரனும் மாட்டுவான்.

ஒன்று பாக்கி. ஜப்பான்காரனோடு வரும் மொழிபெயர்ப்பாளன் தமிழன். ஒப்பாரி கேட்காத சாவு வீட்டை அவன் நம்ப மாட்டான். வீரனுக்கு அழக் கருப்பையாவின் பெண்டாட்டி இருக்கிறாள். அ.வுக்கு? அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு ஒப்பாரி தெரியாது. எஸ்டேட்டில் எந்தச் சாவுக்கும் முதல் குரல் முனியம்மாவுடையது. நானே போய்க் கேட்டேன்.

"உசுரோட இருக்கிற பிள்ளைக்கா?"

வள்ளியின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு:

"எம் புருஷனுக்கே நான் இன்னும் அழல."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 20, திங்கள். வெயில்.

லயத்துக்குத் திரும்பினோம். முழங்கால் சேறு. வழித்து வழித்துக் கொட்டினோம். அரிசிப் பானைக்குள் பாம்பு ("அதுவாச்சும் குடியிருக்கட்டும்" என்றாள் ஒருத்தி). பால் பிடிக்கும் மங்குகள் காட்டில் எங்கெங்கோ. மாரியம்மனைக் கழுவிப் பழைய இடத்தில் வைத்தார்கள். மண்ணில் இருந்த மரவள்ளிக் கிழங்கெல்லாம் அழுகல், நாற்றம். தண்டுகளை வெட்டி மறுபடி ஊன்றினோம். என் உள்ளங்கையில் கொப்புளம்.

முனியம்மா என் பக்கம் வரவில்லை. கருப்பையாவோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போனதும் பேச்சு நின்றது.

டிசம்பர் 22, புதன்.

வந்தார்கள். படகில். ஒரு சிப்பாய், அந்த மொழிபெயர்ப்பாளன். வெள்ளைச் சட்டை, நம் முகம்.

படகுச் சத்தம் கேட்டதுமே கருப்பையாவின் பெண்டாட்டி மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். எங்கள் வாசலில் மௌனம். நான் முடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

"உங்க வீட்லயுமா?" என்றான் மொழிபெயர்ப்பாளன்.

"தம்பி."

"யாரும் அழலையே?"

அப்போதுதான் முனியம்மா வந்தாள், சேற்றுக் கையோடு. படியில் விழுந்தாள். குரல் எடுத்தாள்.

"கழி மேல சீட்டடுக்கும் கையழகா, புகையில செவந்திருக்கும் கண்ணழகா..."

அ. வாழ்க்கையில் ஒரு சீட்டு அடுக்கியதில்லை.

மொழிபெயர்ப்பாளன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "கிராணி மகன் புகைவீட்லயா வேலை பாத்தாரு?"

காட்டிக்கொடுத்துவிட்டாள். இதற்காகத்தான் வந்தாள். இத்தனை நாளும் இதற்காகத்தான் காத்திருந்தாள். இப்படித்தான் நினைத்தேன். மாற்றி எழுத மாட்டேன்.

கருப்பையா முந்திக்கொண்டான். "அது வீட்டுக்காரரு சயாமுக்குப் போனவரு, ஐயா. துக்கத்துல ரெண்டும் கலந்து வருது."

மொழிபெயர்ப்பாளன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். சிப்பாய் ஏதோ அதட்டினான். மொழிபெயர்ப்பாளன் அவனிடம் இரண்டு பேர் என்று விரலைக் காட்டினான், ஆற்றைக் காட்டினான். படகில் ஏறிவிட்டார்கள்.

நம்பினானா? புரிந்துகொண்டு போனானா? மறுபடி வருவானா?

படகுச் சத்தம் ஓய்ந்ததும் கருப்பையாவின் பெண்டாட்டி மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். முனியம்மாவின் தோளைத் தட்டினாள். "போயிட்டானுங்க. போதும்டி, எந்திரி."

முனியம்மா நிறுத்தவில்லை. இப்போது மாரியின் பெயரைச் சொல்லியே அழுதாள். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வள்ளி தள்ளி நின்று தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். தூக்கிக்கொண்டு போய் மூட்டையில் மிஞ்சிய கிழங்கை அவித்துக் கொடுத்தேன்.