மயக்க ஊசிக்கு முன் சொல்ல வேண்டியது

மார்ச் 4

நம் மகளின் அப்பாவுக்கு,

இங்கு நலம். குடலிறக்கத்துக்கு இருபதாம் தேதி உங்களுக்கு ஆபரேஷன் என்று மகள் சொன்னாள். இந்த வயதில் அச்சகத்தில் காகிதக் கட்டைத் தூக்கச் சொன்னது யார்? கேட்க எனக்கு உரிமையில்லை, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

வீட்டை விட்டு வந்து ஆறு வருஷமாக எழுதாதவள் இப்போது எழுதக் காரணம் உண்டு. நமக்குக் கல்யாணமான வருஷம் உங்களுக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்ததே, அன்று மயக்க ஊசிக்குப் பிறகு உங்களுக்கு மூச்சு திரும்பவில்லை. மூன்று மணி நேரம் ஒரு நர்ஸ் பையை அழுத்தி அழுத்தி மூச்சு கொடுத்தார். "அந்த மருந்து இவர் உடம்புக்கு ஆகாது. இனிமே எந்த ஆபரேஷன்னாலும் முதல்ல இதைச் சொல்லிடுங்கம்மா" என்றார் மயக்க டாக்டர்.

நீங்களோ கண் விழித்ததும் நன்றாகத் தூங்கினேன் என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. நான்தான் எப்போதும் கூடவே இருப்பேனே, தேவைப்படும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் நினைப்பு அது. இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து டாக்டரிடம் காட்டுங்கள்.

அவள் அம்மா

மார்ச் 11

அன்புள்ள உனக்கு,

காட்டினேன். முன்பு மயக்க மருந்தால் தொந்தரவு உண்டா என்று போன வாரம்தான் கேட்டிருந்தார். சுகமாகத் தூங்கினேன் என்று நானும் பெருமையடித்திருந்தேன். அவர் கொடுக்க இருந்ததே அந்த மருந்துதானாம். ரத்தச் சோதனையில் நீ எழுதியது சரி என்று வந்துவிட்டது. இப்போது இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போடுவதாக மாற்றியிருக்கிறார். பரம்பரையாக வரக்கூடியதாம், மகளுக்கும் சோதிக்கச் சொல்கிறார். "இத்தனை மெஷின் வெச்சிருக்கோம், யாருக்கும் இது தெரியல" என்று உன் கடிதத்தை என் ஃபைலிலேயே வைத்துக்கொண்டார்.

அந்தக் குடல்வால் ஆபரேஷனுக்கு மறுநாள் எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தபோது உன் கை நடுங்கியது. புதுப் பெண்டாட்டியின் வெட்கம் என்று நினைத்து முப்பது வருஷம் சந்தோஷப்பட்டிருக்கிறேன், மடையன்.

என்னைப் பற்றி டாக்டரிடம் சொல்ல வேண்டியது வேறு ஏதாவது இருந்தால் எழுது.

உன் உம்மணாமூஞ்சி

மார்ச் 15

உம்மணாமூஞ்சிக்கு,

பத்தொன்பதாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் கீழே உள்ளதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

டாக்டர் ஐயா, ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்கிறதா என்று கேட்டால் இவர் இல்லை என்பார். அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடாதீர்கள். நான் போனால் உங்களுக்கு வலிக்காதா என்று பெட்டியோடு வாசலில் நின்று கேட்டேன். அன்றும் இல்லை என்றுதான் சொன்னார். நான் நம்பிவிட்டேன்.