ஒரே அடுப்பில் உண்ணும் ஐந்து பேரில் இருவர் பெயர் எந்தக் கார்டிலும் இல்லாதது பற்றி

அனுப்புநர்:
கருப்பாத்தாள், வயது 71,
க/பெ நஞ்சப்பன் (காலஞ்சென்றவர்),
நல்லூர், திருப்பூர்.

பெறுநர்:
வட்ட வழங்கல் அலுவலர் அவர்கள்,
தாலுகா அலுவலகம்.

பொருள்: குடும்ப அட்டையில் என் பேரன் திருமூர்த்தி, அவன் மனைவி தரணி பெயர்களைச் சேர்க்கக் கோருவதும், நான் சொன்ன ஒரு பொய்யைத் திருத்திக்கொள்வதும்.

மரியாதைக்குரிய ஐயா,

1. நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். இந்த மனுவை நானே எழுதுகிறேன். உங்கள் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவர், "பொய் சொன்னதை எல்லாம் எழுதாதீங்கம்மா, மனு நிக்காது" என்றார். அதை எழுதாமல் வேறு எதை எழுதுவது என்று காகிதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

2. என் பேரன் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தவன். 2007 ஆவணியில் கல்யாணம் முடிந்து, கார்த்திகையில் தனியாக வாடகை அறைக்குப் போனான். புதுக் கார்டு வாங்கலாம் என்று எங்கள் கார்டிலிருந்து அவன் பெயரையும், வெள்ளகோவிலில் தாய்வீட்டுக் கார்டிலிருந்து தரணி பெயரையும் நீக்கிச் சான்று வாங்கினார்கள். அறையின் சொந்தக்காரர் வாடகைக் கடிதம் தர மாட்டேன் என்றுவிட்டார். சான்று இரண்டும் பெட்டியிலேயே கிடந்தன.

3. போன தீபாவளிக்குப் பின் வெளிநாட்டு ஆர்டர் நின்று, "கூப்புடறோம், அப்ப வா" என்று கம்பெனியில் அனுப்பிவிட்டார்கள். இன்று வரை கூப்பிடவில்லை. தை மாதம் இருவரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான், என் மகன் தண்டாயுதபாணி, மருமகள், இவர்கள் இருவர், ஆக ஐந்து பேர்.

4. பெயரைத் திரும்பச் சேர்க்க மனுக் கொடுத்தோம். 4.3.2009 புதன்கிழமை விசாரணைக்கு ஒருவர் வந்தார். "பேரன் உங்ககூடத்தான் சாப்பிடறாரா?" என்று வாசலில் வைத்துக் கேட்டார். எதிர்வீட்டுக் குப்பாயி அப்போது கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள், மணி பதினொன்று. பதினொரு மணிக்கு யார் ஐயா கோலம் போடுவார்கள்? கல்யாணப் பந்தியில் இவள்தான், "தனிக்குடித்தனமா? வருசம் ரெண்டு தாண்டாது, ஆத்தா சட்டிக்கே வந்துருவான்" என்று என் காதுபடச் சொன்னவள். அவள் முன்னால் ஆமாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "இல்லீங்க, அவங்களுக்குத் தனி அடுப்புங்க" என்று சொல்லிவிட்டேன். அவரும் நான் சொன்னபடியே, தனியாக வசிக்கிறார்கள் என்று எழுதிப் போனார். மனு தள்ளுபடி ஆனது.

5. தனி அடுப்பு என்றால் புதுக் கார்டுக்கு எழுதுங்கள் என்றார்கள். எழுதினோம். 18.6.2009 அன்று அதே ஆள் வந்து, "அந்தத் தனி அடுப்பைக் காட்டுங்க" என்றார். பரண் மேலிருந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கிக் காட்டினேன். அவர் விரலால் தொட்டுத் தூசியை எனக்கே காட்டினார். தனிச் சமையல் இல்லை என்று எழுதினார். அதுவும் தள்ளுபடி. அவர் மேல் புகார் இல்லை, பார்த்ததை எழுதினார். செருப்போடு அடுப்படிக்குள் வந்ததை மட்டும் நான் மறக்கவில்லை.

6. இப்போது உங்கள் ஆபீஸில் ஒரு காகிதம் இவர்கள் தனி என்கிறது, இன்னொரு காகிதம் தனி இல்லை என்கிறது. ரேஷனில் மூன்று பேருக்கான அரிசிதான் வருகிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு.

பேரன் பழைய ஷிப்ட் நேரத்துக்கே எழுந்து, குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால், "டீக்கடையில பன்னு தின்னுட்டேன் அப்பாயி" என்கிறான். டீக்கடையில் கேட்டேன், அவன் அங்கே போய்ப் பத்து நாளாகிறதாம். தரணி எல்லோரும் உண்ட பின் உட்காருகிறாள், ஒரு கரண்டியோடு எழுந்துவிடுகிறாள். போன வாரம் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எழுத்துப்படி நான் எந்த ஊட்டுலயும் இல்ல அப்பாயி. அப்பறம் எதுக்கு இங்க ஒக்காந்து தின்னுட்டு?" ஆடி முடிந்ததும் தரணியை வெள்ளகோவிலில் விட்டுவிட்டு எங்காவது போகிறானாம். எங்கே என்று அவனுக்கே தெரியவில்லை.

7. பொய் நான் சொன்னது. அதற்கு அபராதமோ தண்டனையோ இருந்தால் என் பெயரில் எழுதுங்கள். அவர்கள் இருவரும் அன்று வீட்டிலேயே இல்லை.

ஆகவே ஐயா, நீக்கல் சான்று இரண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இன்னொரு முறை விசாரணைக்கு ஆள் அனுப்புங்கள். சோற்று நேரத்துக்கே வரட்டும். ஐந்து தட்டு, ஒரு அடுப்பு என்று தெருவே கேட்கச் சொல்கிறேன். ஆனால் ஆடி முடிவதற்குள் வரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வந்தால், அன்று நான் சொன்ன பொய் உண்மையாகிப் போயிருக்கும்.

இடம்: நல்லூர்
நாள்: 13.7.2009

இப்படிக்கு,
கருப்பாத்தாள்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)