நாலாம் எண் குரல்

இன்று காலை ஏழு மணிச் செய்தியைப் புதிய பெண் ஒருவர் வாசித்தார். நான் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் துண்டு வாட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாவது வசனம் முடிவதற்குள் கை தானாகவே அலுமாரி மேலிருந்த நீலக் கொப்பியை எடுத்துவிட்டது. திகதி, குரல், என் ஊகம், உங்கள் ஊகம், உண்மை என்று ஐந்து நிரல்கள். என் ஊகத்தில் வட அயர்லாந்து என்று எழுதினேன். அடுத்த நிரலில் பென்சில் நின்றுவிட்டது. குசினி முழுக்கக் கருகிய மணம் வந்த பிறகுதான் பாணின் நினைவு வந்தது.

நீங்கள் கண்மூடிப் பதினான்கு மாதங்களாகின்றன. நேரில் உங்களை 'நீர்' என்றுதான் அழைத்தேன். எழுத உட்கார்ந்தால் 'நீங்கள்' என்று வருகிறது. இருக்கட்டும். இந்த மடலை எழுதுவதற்குக் காரணம் ஓர் எண். அதை உங்களிடம் சொல்லாமல் ஒன்பது ஆண்டுகள் கடத்திவிட்டேன்.

கொப்பி எப்படித் தொடங்கியது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நாம் குடியேறிய இந்த நாட்டில், டூங்கபியிலிருந்து மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு என் காரில் போவோம். நான் எப்போதும் மெதுவாகத்தான் ஓட்டுவேன், அதனால் வானொலி கேட்க நிறைய நேரம் கிடைக்கும். அது கிரிக்கெட் காலம்.

"ஐசே, இந்த வர்ணனையாளர் எந்த ஊர்?" என்று கேட்டீர்கள்.

"லண்டனாக்கும்."

"லண்டனோ! இந்தாளை லண்டனில இறக்கிவிட்டா ஒரு றாத்தல் பாண் வாங்கவும் மொழிபெயர்ப்பாளர் வேணும். யோர்க்‌ஷியர் ஐசே, யோர்க்‌ஷியர். கல்லைச் சப்பித் துப்புற மாதிரிக் கதைக்கிறார், பாரும்."

நீங்கள் இருபத்திரண்டு ஆண்டுகள் கப்பல்களில் வானொலி அதிகாரியாக இருந்தவர். லிவர்பூலில் ஒருவர், கிளாஸ்கோவில் ஒருவர், டர்பனில் ஒருவர் என்று துறைமுகம் துறைமுகமாக ஆங்கிலம் கேட்ட காது உங்களுடையது. நான் கொழும்பில் பரீட்சை விடைத்தாள்களுக்குச் சுட்டெண் இட்டுக்கொண்டிருந்தவன். மேலதிகாரியின் ஆங்கிலத்தைத் தவிர வேறு ஆங்கிலம் உண்டென்று யோசித்ததே இல்லை. அதனால்தான் கேட்டேன், இப்படிக் கதைக்கிற ஆளை எப்படி வானொலியில் விட்டார்கள் என்று.

"கிரிக்கெட்டுக்கு விடுவினம். செய்திக்கு விடமாட்டினம். முதல்ல விளையாட்டு, பிறகு காலநிலை, பிறகு சமையல். கடைசியாத்தான் செய்தி. குரல் ஒரு நாளும் முன்வாசலால வாறேல்லை ஐசே."

அந்தக் கோட்பாடு சரியா என்று பார்க்கத்தான் நான் நிரல் போட்டேன். உண்மை என்ற நிரலை நிரப்ப வானொலி நிலையங்களுக்கே தொலைபேசி எடுத்து, "உங்கட சமையல்காரர் எந்த ஊர்?" என்று கேட்டவர் நீங்கள். நான் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு இருப்பேன். ஒருமுறை சமையல்காரரே பேச வந்து, தான் நியூகாசில் என்று சொல்லி, எந்த நியூகாசில், இந்த நாட்டிலுள்ளதா கடல் கடந்ததா என்று கேட்டதற்குப் பத்து நிமிடம் தன் தாயாரைப் பற்றிக் கதைத்தார். கோட்பாடு பெரும்பாலும் சரியாகவே வந்தது. நீங்கள் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் செய்தி வாசித்தவர்கள் லண்டனை நினைத்துக்கொண்டு வாசித்தார்கள் என்பீர்கள். இன்று வட அயர்லாந்து வாசிக்கிறது. பஞ்சாபி இளைஞர் ஒருவர் பங்குச்சந்தை நிலவரம் சொல்கிறார். உங்களிடம் சொல்ல எவ்வளவோ சேர்ந்துவிட்டது.

சரி, எண்ணுக்கு வருகிறேன்.

எங்கள் தமிழ் வானொலி, பிள்ளைகளுக்காக ஞாயிறு காலை அரை மணி நேர ஆங்கில நிகழ்ச்சி தொடங்கியபோது, வாசிப்பவர்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதலிரண்டு இடம் பெறுபவர்கள் வாரம் மாறி வாரம் வாசிப்பதாக ஏற்பாடு. மனஸ்தாபம் வரக்கூடாதென்று எனக்குத் தெரிந்த ஒரே வழியில் செய்தேன்: ஐந்து ஒலிப்பதிவு, பெயர் இல்லை, எண் மட்டும். எல்லோரும் ஒரே பந்தியை வாசித்தால் கேட்டுக் கேட்டு ஐந்தாவது குரல் கூடுதலாக விளங்கிவிடும் என்று ஆளுக்கொரு செய்தி கொடுத்தேன். ஐந்து நடுவர்கள், பத்துக்குப் புள்ளி. நடுவர்களில் நானும் ஒருவன்.

முதலாம் எண், கொழும்பு கொன்வென்ற்றில் படித்த பல் டொக்டர். அவர் வாசித்தால் பழைய வானொலிப் பெட்டியின் மஞ்சள் வெளிச்சம் தெரியும். இரண்டாம் எண், கிரவீனில் எங்கள் பெண்ணொருவரை மணந்து வாழும் ஸ்கொட்லாந்துக்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. நாலாம் எண் இரண்டு சொல் வாசித்ததுமே அது நீங்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் ஊரான பருத்தித்துறையின் காற்று எந்த ஆங்கிலத்தாலும் மூட முடியாமல் உங்கள் குரலில் அடித்தது. நிதானமாக, தெளிவாக, ஆபத்திலுள்ள கப்பலுக்குச் செய்தி சொல்வதுபோல் வாசித்தீர்கள். ஒரு சொல்கூட எனக்குத் தவறவில்லை. காது எட்டு என்றது. கை ஐந்து போட்டது.

பல் டொக்டர் முதலாவது. ஸ்கொட்லாந்துக்காரர் இரண்டாவது. நீங்கள் அவரைவிட இரண்டு புள்ளி குறைவு. கூட்டிப் பாருங்கள்: என் எட்டு இருந்திருந்தால் நீங்கள் ஒன்றால் முந்தியிருப்பீர்கள்.

ஐந்து ஒலிப்பதிவுகளையும் எல்லோருக்கும் போட்டுக் காட்டி முடிவு சொன்ன அன்றும் காரில்தான் வந்தோம்.

"ஐசே, அந்த ரெண்டாம் எண்காரர் எதைப் பற்றி வாசிச்சவர்?"

"காலநிலை."

"பள்ளிக்கூட அனுமதி ஐசே! நான் கிளாஸ்கோவில மூண்டு மாதம் நிண்டனான், எனக்கு விளங்கினது. உமக்கு எவ்வளவு விளங்கினது?"

"பாதி. இல்லை, கொஞ்சம் குறைய."

"எத்தினை போட்டனீர்?"

"எட்டு."

நீங்கள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்து, பச்சை விளக்கு விழுந்ததைக் கவனிக்காமல் நிற்க, பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். நாலாம் எண்ணுக்கு என்ன போட்டேன் என்று நீங்கள் கேட்கவில்லை. அன்று மட்டுமல்ல, ஒருபோதும் கேட்கவில்லை. கோயில் அறிவித்தல்களைத் தமிழில் வாசித்தீர்கள். ஆங்கில ஒலிவாங்கிப் பக்கம் பிறகு போகவே இல்லை.

பட்சபாதம் வந்துவிடும் என்ற பயத்தில் கையை இறுக்கினேன் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். சொந்தப் பிள்ளையின் தாளைத் திருத்துபவன் அப்படித்தான் செய்வான். ஆனால் அந்த எட்டு என்னை விடவில்லை. உங்களுக்கு இறுக்கியது நேர்மை என்றால், விளங்காத குரலுக்குக் கையை அவிழ்த்துவிட்டது என்ன? ஸ்கொட்லாந்தும் ஒரு ஊர்தான், பருத்தித்துறையும் ஒரு ஊர்தான். ஒன்றைக் கேட்டபோது அழகு என்று நினைத்தேன். மற்றதைக் கேட்டபோது, பக்கத்து நடுவர் என்ன நினைப்பாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

உங்கள் ஆண்டு நினைவுக்கு அந்த ஆங்கில நிகழ்ச்சியில் பத்து நிமிடம் ஒதுக்கினார்கள், பேரப்பிள்ளைகளுக்கும் விளங்கட்டும் என்று. எழுதும் வேலை எனக்கு. நாலு தரம் திருத்தி எழுதிவிட்டு, வாசிக்கப் பல் டொக்டரின் பெயரைக் கொடுத்தேன். அன்று பின்னேரம் உங்கள் மனுசி தொலைபேசியில் வந்தா.

"அண்ணை, பல் டொக்டரோ வாசிக்கப் போறா?"

"அவவின்ர குரல் நல்லது தங்கச்சி."

"நல்ல குரல்தான். ஆனா அவவுக்கு இவரைத் தெரியாதே. நீங்கள் வாசியுங்கோ. பயந்தாங்கொள்ளி எண்டாலும் ஒழுங்கான மனுசன் எண்டு இவர் உங்களைச் சொல்லுறவர்," என்றா.

அதற்குப் பிறகு மறுக்க எனக்குத் துணிவில்லை. மறுக்கவும் துணிவு வேண்டும்தானே.

ஒலிப்பதிவுக்கு இருந்தவர் செந்தில், கோயம்புத்தூர்க்காரர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டினார். நான் வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில், காதில் மாட்டியிருந்த கருவிக்குள் யாரோ வாசிப்பது கேட்டது. உதட்டைக் குவித்து, சொற்களைத் துடைத்துத் துடைத்து வைக்கிற ஒரு கனவான். அது நான்தான் என்று புரிய ஒரு வசனம் பிடித்தது. கையை உயர்த்தினேன்.

"தம்பி, முதலில இருந்து எடுக்கலாமோ?"

"ஏன் சார்? சூப்பரா வந்துச்சு. அப்படியே லண்டன் ரேடியோ மாதிரி இருந்துச்சு."

"ஓம். அதுதான் தம்பி."

இரண்டாம் முறை, பிறந்த ஊர்க் குரலில், கோப்பாய்க்காரனாக வாசித்தேன். எழுபத்தொன்பது வயதில் என் சொந்தக் குரலை ஒலிவாங்கிக்கு முன் வைத்தேன். இரண்டு இடத்தில் தடுக்கியது. உங்கள் கப்பல்களைச் சொல்லும் இடத்தில் குரல் கொஞ்சம் உடைந்தது. அதை அப்படியே போட்டார்கள்.

ஒலிபரப்பு முடிந்து பத்து நிமிடத்துக்குள் தொலைபேசி அடித்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது குறை சொல்லும் டூங்கபி இஞ்சினியர்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. எழுத்து நல்லாயிருந்தது. ஆனா இங்கிலிஸ் நிகழ்ச்சியில இப்பிடி எங்கட ஊர்க் குரலில... பல் டொக்டரைக் கேட்டிருக்கலாம் எல்லோ?"

மன்னிக்க வேண்டும் என்பது நாக்கு நுனிவரை வந்தது. என் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எப்படியோ வேறொன்று வெளியே வந்துவிட்டது.

"ஏதாவது விளங்காமப் போனதோ?"

"சேச்சே, எல்லாம் விளங்கினது. கடைசியில எனக்குக் கண்ணும் கலங்கிப் போச்சு. அது வேற ஐயா, இது வேற."

"இது எண்டா, எது?"

"மனுசி கூப்பிடுறா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவரை மடக்க நான் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினேன். எல்லாம் விளங்குகிறது, மனமும் அசைகிறது, அதற்குப் பிறகும் குறைத்துப் போடச் சொல்கிற 'இது' என்ன? அதை யார் எனக்குள் வைத்தார்கள்? பள்ளிக்கூடத்திலா? கொழும்பு அலுவலகத்திலா? சின்ன வயதில் கேட்ட வானொலியிலா? நான் குறைத்துப் போட்டது உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அதனால்தான் நாலாம் எண்ணைப் பற்றிக் கேட்காமல் என்னைத் தப்பவிட்டீர்கள். நான் ஐந்து போட்டேன். எட்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் அன்று நிறுத்திவைத்த உங்கள் மூன்று புள்ளிகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. அவற்றுக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. இந்த வயதிலும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.