சனிக்கிழமை ஆயத்தம்

கல்லூரி நூலகம்,
திருவனந்தபுரம்,
வியாழன் மதியம்.

அன்புள்ள சபீனா,

நலம்தானே? ஸ்பெயின் குளிரில் நீ மூக்கைச் சிந்திக்கொண்டு ஆராய்ச்சி செய்வதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. காகிதத்தில் எழுதி, அதை நூலகத்தில் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன் என்று கிண்டல் செய்யாதே. வீட்டில் என் போன் எல்லார் கையிலும் போய் வருகிறது. பதிலையும் கல்லூரி மின்னஞ்சலுக்கே அனுப்பு.

நீ அனுப்பிய, ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய தொலேதோ நகர வழக்கை வகுப்பில் நடத்தினேன். உயிருக்குப் பயந்து ஞானஸ்நானம் வாங்கிய யூதக் குடும்பத்துப் பெண். தேவாலயத்துக்குப் போகிறாள், ஜெபம் சொல்கிறாள், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கு முந்தின வெள்ளிக்கிழமை வந்தால் படுக்கை விரிப்பை மாற்றுகிறாள், விளக்குக்குப் புதுத் திரி போடுகிறாள், மறுநாள் சாப்பாட்டையும் அன்றே ஆக்கி வைக்கிறாள். வேலைக்காரி போய்த் திருச்சபை விசாரணைக்காரர்களிடம் சொல்லிவிட்டாள். ஜினு என்ற மாணவி எழுந்து, "வீடு கிளீன் ஆக்கினதுக்கா மிஸ் கேஸ்?" என்று கேட்டாள். நான் பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஏன் என்று உனக்குத்தான் சொல்ல முடியும். கல்யாணத்தில் என் பெயரைச் செண்பகவல்லி என்று மாற்றினார்கள். ஆரியசாலையில் கடை வைத்திருக்கும் குடும்பம், நாலு பேர் பார்ப்பார்கள் என்று விஜய்குமார் கெஞ்சினார். சரி என்றேன். பொட்டு வைக்கிறேன், விளக்கேற்றுகிறேன். பைபிளை அம்மாவிடமே விட்டுவிட்டு வந்தேன். கைதான் சொன்னபடி கேட்கவில்லை. எங்கள் வீட்டில் சனிக்கிழமை ஆயத்த நாள். ஞாயிறு ஆராதனைக்கு உடுப்பு தேய்த்து, மாவு அரைத்து, பாத்திரமெல்லாம் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மா ஊசியில் நூல்கூடக் கோக்க மாட்டார். இத்தனை வருடமாகச் சனிக்கிழமை மாலையில் நான் அதையேதான் செய்து வந்திருக்கிறேன், மறுநாள் போக ஓர் இடமும் இல்லாமல். எனக்கே தெரியாது, சபீனா.

அத்தைக்குப் போன சனிக்கிழமை தெரிந்துவிட்டது. சுமிக்கு நாலு வயது. தன் வெள்ளை கவுனை மடித்துத் தலையணைப் பக்கத்தில் வைத்தாள். "ஆருட்டி சொல்லித் தந்தா?" என்று அத்தை கேட்டார். "ஆரும் இல்ல ஆச்சி, இன்னைக்குச் சனிக்கிழமைல்லா" என்றாள் என் பெண்.

அத்தை கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பிரசவத்தின்போது ராத்திரி முழுக்க எனக்குக் கால் பிடித்துவிட்டவர் அவர். "பிள்ளையையாவது எங்களுக்கு விட்டுத் தாட்டி" என்று அழுதார். அன்று முதல் சுமி அவர் அறையில்தான் படுக்கிறாள்.

இப்போது அம்மாவுக்குத் திங்கட்கிழமை இருதய ஆபரேஷன். ஞாயிறு மார்த்தாண்டத்துக்கு வா, ஆராதனையில் ஒருதரம் பக்கத்தில் உட்கார், சுமியையும் கூட்டி வா என்று கேட்டிருக்கிறார். போனால் அங்கேயே இருந்துகொள், பிள்ளை இங்கேதான் நிற்கும் என்கிறார் அத்தை. "இப்பம் ஒண்ணும் பேசாண்டாம்" என்று விஜய்குமார் கடைக்குப் போய்விடுகிறார். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் காலைப் பலகாரம் செரிப்பதற்குள் மார்த்தாண்டம். எனக்கு அது உன் ஸ்பெயினைவிடத் தூரம். பயமாக இருக்கிறது. போனால் மகள் கையைவிட்டுப் போய்விடுவாள். போகாமல் இருந்து, அம்மாவுக்கு ஏதாவது... எழுதக் கை வரவில்லை.

ஞாயிறு காலை அம்மாவுக்கு நீ போன் போடு. எனக்குப் பரீட்சை மேற்பார்வை என்று சொல். நம்ப மாட்டார், ஆனாலும் சொல்.

அந்தத் தொலேதோப் பெண்ணுக்கு ஒரு மகள் இருந்ததாக வழக்கில் வருகிறதே, பிறகு அவள் வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்தாள் என்று தேடிப் பார். நல்ல செய்தியாக இருந்தால் மட்டும் எழுது.

நாளை ஜும்ஆ தொழுகையில் அம்மாவின் பெயரைச் சொல்லித் துஆ கேள். அதற்கு மறுநாள் சனி. என் கையை நான் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், சுமியின் கையை யார் கட்டுவது? உன் வீட்டு வெள்ளிக்கிழமை என்றைக்கும் ஒளிக்க வேண்டாத வெள்ளிக்கிழமையாகவே இருக்கட்டும்.

உன்
ரத்னாபாய்